மிதந்த பை: ஹென்றி லாரன்ஸ் பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தூத்துக்குடி டச்சுக்காரர் பண்டகசாலை பற்றிய கட்டுரையில், “1782இல் இங்கே டச்சுக் கொடி இறங்கியதற்கும், அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஓர் அமெரிக்கத் தலைவரின் காகிதப் பை கடலில் அகப்பட்டதற்கும் தொடர்பு உண்டு” என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுவதும் அந்த ஒருவருக்கே.

யார் அண்ணாச்சி அந்த அமெரிக்கர்? பையைக் கடலில் போட்டால் முங்காதா? எப்படி அகப்பட்டது?
— தூத்துக்குடி, ஒரு வாசகர்

ஹென்றி லாரன்ஸ். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்து வியாபாரி. குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். அமெரிக்கா விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தபோது நாட்டின் பேரவைக்குத் தலைவராக இருந்தவர். ஹாலந்துக்குப் போய் 1 கோடி டாலர் கடன் கேட்டு வரும்படி பேரவை அவரை அனுப்பியது. 1780 ஆகஸ்டில் மெர்க்குரி என்ற சிறு கப்பலில் புறப்பட்டார். செப்டம்பர் 3ஆம் தேதி, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், வெஸ்டல் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் துரத்திப் பிடித்துவிட்டது.

எதிரி நெருங்கும்போது காகிதங்களை அழிப்பது கப்பல் வழக்கம். ரொம்ப முக்கியம் என்று நினைத்தவற்றை முதலில் ஒழித்தார்கள். மிச்சத்தை நீளமான ஒரு பையில் திணித்து, 20 பவுண்டு இரும்புக் குண்டும் போட்டு, வாயைக் கட்டிக் கடலில் எறிந்தார்கள். பை முங்கவில்லை. வெஸ்டல் கப்பல் ஆட்கள் கொக்கிக் கழியால் இழுத்து எடுத்துக்கொண்டார்கள்.

கோளாறு எடையில் இல்லை, காற்றில். 20 பவுண்டு என்றால் 9 கிலோ. இரும்பு தண்ணீருக்குள் போனால் 9 கிலோவும் 8 கிலோ போலத்தான் இழுக்கும். காகிதக் கட்டுகளுக்கு நடுவே 8 லிட்டர் காற்று அடைபட்டிருந்தால், அதாவது ஒரு சின்னக் குடம் அளவு, கணக்குச் சரியாகிவிடும். பை மேலேயே நிற்கும். கெட்டித் துணியின் வாயை இறுக்கிக் கட்டினால் காற்று வெளியே போக வழி ஏது? பையில் நாலு இடத்தில் கத்தியால் குத்தி, தண்ணீரில் நனைத்துப் போட்டிருந்தால் அந்தக் குண்டே போதும். வலைக்கு ஈயக்குண்டு கட்டுகிற நம் கடற்கரைக்காரர் எவரும் செய்யாத பிழை இது.

உள்ளே இருந்தது ஓர் ஒப்பந்த வரைவு. அமெரிக்கத் தரப்பில் வில்லியம் லீயும், ஆம்ஸ்டர்டாம் வியாபாரி ஒருவரும் 1778 செப்டம்பரில் எழுதிவைத்தது. இரு நாட்டு அரசுகளும் கையெழுத்துப் போடாத வெறும் நகல். ஆனால் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பெரிய அதிகாரிக்குத் தெரிந்தே எழுதியது என்பது இங்கிலாந்துக்குப் போதுமான சாக்கு. 1780 டிசம்பர் 20ஆம் தேதி டச்சுக்காரர் மீது போர் அறிவித்தார்கள்.

அப்படியானால் அந்தப் பை முங்கியிருந்தால் தூத்துக்குடி டச்சுக்காரர் கையிலேயே இருந்திருக்குமா?
— ஏரல், ஒரு வாசகர்

இருந்திருக்காது என்பதே எங்கள் கருத்து. மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் யுஸ்டேஷியஸ் என்ற சின்ன டச்சுத் தீவு வழியாகத்தான் அமெரிக்கருக்கு வெடிமருந்து போய்க்கொண்டிருந்தது. அந்த எரிச்சல் இங்கிலாந்துக்கு வெகுநாளாக இருந்தது. போதாக்குறைக்கு, ரஷ்யா கூட்டிய நடுநிலை நாடுகளின் அணியில் டச்சுக்காரரும் சேரப் போனார்கள். சேர்ந்துவிட்டால் அவர்களை அடிக்க முடியாது. அதற்கு முன்பே அடிக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. மிதந்த பை அதைக் கொடுத்தது. பை இல்லாவிட்டால் வேறொன்று கிடைத்திருக்கும். ஆனாலும் போர் அறிவிக்கும்போது அவர்கள் ஊரறியக் காட்டியது லாரன்ஸின் காகிதத்தைத்தான்.

செய்தி கிழக்கே வந்து சேர்ந்ததும் டச்சுத் துறைகள் வரிசையாக விழுந்தன. 1781 நவம்பரில் நாகப்பட்டினம். 1782 ஜனவரியில் திருகோணமலை. அதே வருஷம் தூத்துக்குடி. நாகப்பட்டினம் திரும்பக் கிடைக்கவே இல்லை. தூத்துக்குடியை 1785இல் டச்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் மறுபடி பிடித்து, 1818இல் மறுபடி கொடுத்து, 1825இல் நிரந்தரமாக வாங்கிக்கொண்டார்கள்.

1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, அங்கே டச்சுக்காரரோடு செய்த உடன்படிக்கை ஒன்று சிக்கியது. வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்திய பாளையக்காரர் காலம் அது. ஆங்கிலேயர் அதை வெறும் உள்ளூர்க் கலகமாகப் பார்க்காமல், எதிரி நாட்டோடு போட்ட கூட்டாகப் பார்த்ததற்கு இந்த உலகப் போரே காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அமெரிக்க விடுதலைப் போரோடு சேர்ந்து மூண்ட சண்டைகளில் கடைசிப் பெரிய கடற்போர் அட்லாண்டிக்கில் நடக்கவில்லை. 1783 ஜூன் 20ஆம் தேதி, நம் கடலூருக்கு எதிரே, பிரெஞ்சு ஆங்கிலேயக் கப்பற்படைகளுக்கு இடையே நடந்தது. ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்து மாதக்கணக்காகியிருந்தது. சேதிதான் வந்து சேரவில்லை.

லாரன்ஸ் ‘பிரசிடென்ட்’ என்று போட்டிருக்கிறதே. அப்படியென்றால் வாஷிங்டனுக்கு முந்திய ஜனாதிபதியா? பிறந்த தேதியும் பிப்ரவரி 24, மார்ச் 6 என்று இரண்டு விதமாக இருக்கிறது. தேர்வில் எதை எழுத?
— பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி

ஜனாதிபதி இல்லை அம்மா. அப்போது நாட்டுக்கு ஜனாதிபதி என்ற பதவியே கிடையாது. பதின்மூன்று காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காண்டினென்டல் காங்கிரஸுக்கு அவைத் தலைவர், அவ்வளவுதான். கூட்டம் நடத்துவது, தீர்மானங்களில் கையெழுத்திடுவது, படைத்தலைவர்களுக்கும் மாநிலங்களுக்கும் கடிதம் எழுதுவது. ஆணையிடும் அதிகாரம் இல்லை.

ஜான் ஹான்காக்குக்கு அடுத்து, 1777 நவம்பர் 1 முதல் 1778 டிசம்பர் 9 வரை இருந்தார். இருந்த காலம் லேசான காலம் அல்ல. ஃபிலடெல்ஃபியாவை ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால் பேரவை யார்க் என்ற சிற்றூருக்கு ஓடிப்போயிருந்தது. பதவி ஏற்று இரண்டு வாரத்தில், நவம்பர் 15ஆம் தேதி, மாநிலங்களின் முதல் கூட்டமைப்புச் சாசனம் நிறைவேறியது. 1778 மே 4ஆம் தேதி பிரான்ஸோடு நட்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல்.

அந்த மழைக்கும் பனிக்கும் நடுவில் வாஷிங்டனைப் படைத்தலைமையிலிருந்து இறக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவரைத் தாக்கிப் பெயரில்லாத மொட்டைக் கடிதம் ஒன்று லாரன்ஸிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைப் பேரவையில் வைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. நேரே வாஷிங்டனுக்கே அனுப்பிவைத்தார். அவர் பொதுவாழ்வில் எங்களுக்கு மிகப் பிடித்த செய்கை இது. பிறகு, பாரிஸில் தூதராக இருந்த சைலஸ் டீன் பேரவையைத் தாக்கிப் பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பேரவை தக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்று மனம் கசந்து லாரன்ஸ் தலைமையை விட்டு இறங்கினார்.

பிறந்த தேதி இரண்டும் சரியே. இங்கிலாந்தும் அதன் காலனிகளும் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தன. அது 11 நாள் பின்தங்கியது. வருஷப் பிறப்பும் மார்ச் 25. அதனால் பழைய ஏட்டில் 1723 பிப்ரவரி 24 என்று இருப்பது, இன்றைய கணக்கில் 1724 மார்ச் 6. அந்த வருஷப் பிப்ரவரிக்கு 29 நாள் என்பதை மறந்தால் கூட்டல் ஒரு நாள் தவறும். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்குமே, அதற்கு ஆவணிக்கு முன் 825, பின் 824 என்று மாற்றிக் கூட்டுகிறோம் அல்லவா, அதே மாதிரி. தேர்வில் 1724 மார்ச் 6 என்று எழுதுங்கள்.

இவ்வளவு செல்வாக்கு எதில் வந்தது? அவுரி வியாபாரம் என்று படித்தேன். அவுரி நம் ஊரிலும் இருந்ததே.
— வீரவநல்லூர், நெசவுக் குடும்பத்து வாசகர்

நெல், அவுரி, அடிமைகள். மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவுரிக்கு இங்கிலாந்து நாடாளுமன்றம் 1748இல் பவுண்டுக்கு 6 பென்ஸ் ஊக்கத்தொகை அறிவித்தது. அதில் தென் கரோலினா செழித்தது. 1775இல் ஏற்றுமதி 10 லட்சம் பவுண்டு எடையைத் தாண்டியது. செய்முறை நீங்கள் கேள்விப்பட்டதுதான். பூக்கத் தொடங்கும் பருவத்தில் செடியை அறுத்து, இலையைக் கசக்காமல் அன்றைக்கே முதல் தொட்டியில் அடுக்கித் தண்ணீர் விட்டு ஊறவைப்பார்கள். வெக்கையைப் பொறுத்து அரை நாள் போல. நுரை கட்டித் தண்ணீர் பச்சையாக மாறும். அந்தத் தண்ணீரை மட்டும் இரண்டாம் தொட்டிக்கு இறக்கி, துடுப்பு போன்ற கட்டையால் விடாமல் அடிக்க வேண்டும். காற்றுப் பட்டால்தான் நீலம் பிறக்கும். நீலத் துகள் தெரிந்ததும் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் அடியில் சேறாகப் படியும். மேல்தண்ணீரை வடித்து, சேற்றைத் துணிப் பையில் தொங்கவிட்டு, கட்டியாக அறுத்து நிழலில் காயவைப்பார்கள்.

கெடுகிற இடம் மூன்று. ஊறல் மிஞ்சினால் சாயம் கறுத்துத் தரம் விழும். சுண்ணாம்பு கூடினால் கட்டி வெளிறிக் கல்லாகும். வெயிலில் காயப்போட்டால் வெடிக்கும். தொட்டிப் பக்கம் நாற்றமும் ஈயும் தாங்காது. அங்கே நின்று துடுப்புப் போட்டவர்கள் அடிமைகள். விடுதலைக்குப் பிறகு ஊக்கத்தொகை நின்றது. அமெரிக்க அவுரி படுத்தது. அந்தச் சந்தை வங்காளத்துக்கு வந்து அங்கத்திய உழவரை வாட்டியது.

மூன்றாவதுதான் பெரிய வரவு. ஆஸ்டின், லாரன்ஸ் கூட்டு நிறுவனம் 1750களில் மட்டும் 8,000க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை விற்றுக் கொடுத்தது. சியரா லியோனில் பன்ஸ் தீவில் கோட்டை வைத்திருந்த லண்டன் வியாபாரி ரிச்சர்ட் ஆஸ்வால்டுக்குச் சார்ல்ஸ்டனில் இவர்தான் முகவர். தரகு நூற்றுக்கு 10. வந்த கப்பல் நேரே துறைக்கு வராது. சல்லிவன் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நிறுத்தி, பிறகே ஏலம். பண்ணையார்கள் கடனுக்கு வாங்குவார்கள். தரகர் அதை வசூலித்து உண்டியலாக, அதாவது பணத்துக்கு ஈடான கைச்சீட்டாக, லண்டனுக்கு அனுப்ப வேண்டும். கப்பல்காரருக்கு லாரன்ஸை நம்ப முடிந்ததன் காரணம் இந்த வசூல் ஒழுங்குதான். மனிதரை விற்ற கணக்கிலும் பைசா பிசகாது. 1762இல் கூட்டு கலைந்த பின் அந்த வியாபாரத்திலிருந்து மெல்ல விலகி, கூப்பர் ஆற்றங்கரையில் 3,000 ஏக்கர் மெப்கின் பண்ணைக்குச் சொந்தக்காரர் ஆனார். பண்ணையில் வேலை செய்தவர்களும் அடிமைகளே.

‘அடிமை முறையை வெறுக்கிறேன்’ என்று அவரே எழுதியதாகச் சொல்கிறார்களே. உண்மையா?
— அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

உண்மை ஐயா. 1776 ஆகஸ்ட் 14ஆம் தேதி, லண்டனில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதே கடிதத்தில் ஒரு தொகையும் இருக்கிறது: தன் அடிமைகளை நாளை ஏலம் விட்டால் 20,000 ஸ்டெர்லிங் பவுண்டு வரும் என்று. வெறுப்பையும் விலையையும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார்.

மகன் அப்பா சொன்னதை நம்பினான். அடிமைகள் 3,000 பேருக்கு ஆயுதம் கொடுத்துப் படையில் சேர்த்து, போர் முடிந்ததும் விடுதலை தருவது என்று திட்டம் வகுத்தான். 1779 மார்ச் 29ஆம் தேதி பேரவை அதற்குச் சம்மதித்தது. தென் கரோலினாச் சட்டமன்றம் தள்ளிவிட்டது. 1782 ஆகஸ்ட் 27ஆம் தேதி, ஒரு சில்லறை மோதலில், 27 வயதில் ஜான் சுடப்பட்டு இறந்தான்.

மூன்று மாதம் கழித்து, நவம்பர் 29ஆம் தேதி, தந்தை பாரிஸில் சமாதானப் பேச்சுக்கு வந்து சேர்ந்தார். ஃபிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் ஜான் ஜேயும் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். மறுநாள் கையெழுத்து. வந்தவர் கேட்டுச் சேர்த்தது ஒரே ஒரு தொடர்: ஆங்கிலேயப் படை வெளியேறும்போது ‘நீக்ரோக்களையோ பிற சொத்துகளையோ’ கொண்டுபோகக் கூடாது. ஏழாம் பிரிவில் இன்றும் இருக்கிறது. எதிர்ப்பக்கம் இங்கிலாந்துக்காக உட்கார்ந்திருந்தவர் யார்? அதே ரிச்சர்ட் ஆஸ்வால்ட். பன்ஸ் தீவுக்காரருக்கும் அவருடைய சார்ல்ஸ்டன் முகவருக்கும் அந்தத் தொடர் பற்றி ஒரு நிமிஷமும் தர்க்கம் தேவைப்படவில்லை.

ஆனால் நியூயார்க்கில் ஆங்கிலேயத் தளபதி கார்ல்டன் அதை அப்படியே ஏற்கவில்லை. விடுதலை வாக்குறுதி பெற்றவர்கள் சொத்து அல்ல என்று சொல்லி, சுமார் 3,000 பேரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிக் கப்பலேற்றிவிட்டார். லாரன்ஸ் கடைசிவரை சிலரை மட்டுமே விடுவித்தார்.

அக்காலத்து வழக்கம் அப்படி என்று தள்ளிவிட நாங்கள் தயாராக இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது; எழுதியும் வைத்தார். வீட்டிலேயே மகன் வழி காட்டினான். மகனை இழந்த துக்கத்தோடு அந்த மேசைக்கு வந்தவர் அந்தத் தொடரைச் சேர்த்ததை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை. நம் தாமிரபரணி வயல்களிலும் ஆளை ஓலை எழுதி விற்ற காலம் இருந்தது. கம்பெனி ஆட்சியில் அதற்குச் சட்டத் தடை 1843இல்தான் வந்தது. அதையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சிறையில் இருந்ததற்கு வாடகை கேட்டார்களாமே?
— வள்ளியூர், ஒரு வாசகி

கேட்டார்கள். பிடிபட்டதும் ராஜத்துரோகச் சந்தேகம் என்று 1780 அக்டோபர் 6ஆம் தேதி லண்டன் டவர் கோட்டையில் அடைத்தார்கள். அங்கே சிறைவைக்கப்பட்ட ஒரே அமெரிக்கர் என்று இவரைச் சொல்வதுண்டு. சாப்பாடு, வாடகை எல்லாம் அவர் செலவு. நான் ஒரு பறவையைப் பிடித்தால் கூண்டும் இரையும் நானே கொடுப்பேனே என்று கேட்டாராம். மையும் பேனாவும் கிடையாது. பென்சிலால் எழுதி ரகசியமாக வெளியே அனுப்பினார். காவற்காரர் கூலி 97 பவுண்டு 10 ஷில்லிங் என்று கணக்கு நீட்டியபோது கொடுக்க மறுத்துவிட்டார். மூட்டுவாதம் வேறு. ஏறக்குறைய 15 மாதம் கழித்து, 1781 டிசம்பர் 31ஆம் தேதி ஜாமீனில் வந்தார். அதற்குத் துணை நின்றவர் ஆஸ்வால்டு.

பிறகு அவருக்கு ஈடாக மாற்றப்பட்டவர் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ். வேடிக்கை என்னவென்றால், அந்த டவர் கோட்டைக்குப் பெயரளவில் தலைமை அதிகாரியே கார்ன்வாலிஸ்தான். கைமாற்றில் விடுபட்ட அவர் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லை வாங்கினார். அதே வருஷம் ஆற்காட்டு நவாபோடு செய்த உடன்படிக்கையில், திருநெல்வேலிப் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் பொறுப்பைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார். கட்டபொம்மனிடம் கலெக்டர் ஜாக்சன் கப்பம் கேட்ட உரிமை அங்கிருந்து வந்தது.

இறந்தபின் நம்மைப்போல் சிதையில் எரிக்கச் சொன்னாராம். கிறிஸ்தவர்தானே? ஏன்?
— சிந்துபூந்துறை, ஒரு வாசகர்

கிறிஸ்தவர்தான், பிரான்ஸில் மதக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் குடும்பம். காரணம் சமயம் அல்ல, பயம். மகள் மார்த்தா கைக்குழந்தையாக இருந்தபோது பெரியம்மை கண்டு, இறந்துவிட்டாள் என்று முடிவு செய்து அடக்கத்துக்குக் கிடத்திவிட்டார்கள். திறந்த ஜன்னல் பக்கம் கிடந்த குழந்தைக்குக் காற்றுப் பட்டு மூச்சு திரும்பியது. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அன்று பிடித்தது, கடைசிவரை விடவில்லை.

உயிலில் அளவு சொல்லி எழுதினார்: உடலைப் பன்னிரண்டு கஜம் முரட்டு நார்த்துணியில் சுற்றி, முழுதும் சாம்பலாகும்வரை எரிக்க வேண்டும். பன்னிரண்டு கஜம் என்பது நம் எட்டு முழ வேட்டி மூன்றின் நீளம். 1792 டிசம்பர் 8ஆம் தேதி மெப்கினில் இறந்தார். சொன்னபடியே இன்னொரு மகன் செய்தார். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர் நடுவில் இப்படி முறைப்படி எரித்தது இதுவே முதல் என்பார்கள். அந்நாட்டுப் பூர்வகுடிகளில் பலருக்கு அது முன்பே வழக்கம் என்பதால் ‘அமெரிக்காவிலேயே முதல்’ என்று எழுதாதீர்கள். சாம்பலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். பண்ணை 1949 முதல் கத்தோலிக்கத் துறவிகளின் மடமாக இருக்கிறது.

அவர் கடிதங்களை ஆய்வுக்குப் படிக்க விரும்புகிறேன். எதில் கவனம் வேண்டும்?
— சங்கரன்கோவில், ஆய்வு மாணவர்

தொகை வரும் இடங்களில், தம்பி. ‘பவுண்டு’ என்று இருந்தால் எந்தப் பவுண்டு என்று பாருங்கள். தென் கரோலினாப் பவுண்டு 7 கொடுத்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. இதைக் கவனிக்காமல் அவர் சொத்தை ஏழு மடங்கு ஊதிவிட்டவர்கள் உண்டு. மேலே சொன்ன 20,000, ஸ்டெர்லிங் என்று அவரே குறித்தது. 1752க்கு முந்திய கடிதமானால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். அச்சில் 16 தொகுதிகள் வந்திருக்கின்றன. வரிசையாகத் தொடங்காமல், முதலில் 1776 ஆகஸ்ட் கடிதத்தையும் 1782 நவம்பர் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.